பிரேக் சரியாகத்தான் இருந்தது

கீழ்ப்பெரும்பாக்கம், விழுப்புரம்
16.2.2025

அன்புத் தங்கை சூர்யகலாவுக்கு அண்ணன் வீரமுத்து எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி அம்சாவும் கலைப்பிரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். திண்டிவனத்தில் நீயும் மாப்பிள்ளை தென்னரசுவும் அப்படியே இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும் காலத்தில் அண்ணன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். மயிலம் கூட்டுரோடு டீக்கடை கேமராவில் என் வண்டி மோதுவது பதிவாகியிருக்கிறது. அதை யாரோ எடுத்து, 'தூங்கிக்கொண்டே லாரி ஓட்டிய டிரைவர்' என்று மேலே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். கலைப்பிரியாவின் வகுப்பு வரைக்கும் போய்விட்டது. போன் அடித்தாலே அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அண்ணியின் போனில் என்னைக் கேட்காதே. என்னால் குரல் கொடுத்துப் பேச முடியவில்லை.

நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். காலை வெயில் ஏறிய நேரம். திண்டிவனத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஒருவர் மொபெட்டில் பெயிண்ட் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு குறுக்கே திரும்பினார். மிதித்தேன். பிடித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. அவர் கால்மேல் ஏறித்தான் நின்றது. ரோடெல்லாம் நீலப் பெயிண்ட். அந்த மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் தூங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதல் நாள் ராத்திரியும் ஓட்டியிருந்தேன். கண் ஒரு நொடி அசந்திருக்குமோ, அதனால் லேட்டாக மிதித்தேனோ, எனக்கே தெரியவில்லை. வண்டிமேல் பழி போட முடியாது. புறப்படும் முன் உங்கள் ஆபீஸில் கொடுத்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். பிரேக், டயர், ஆயில் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது.

என் முதலாளியிடம் சொல்லி உன்னை அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். இப்போது என்னால் அங்கே உனக்குத் தலைகுனிவு. 'அந்த டிரைவரோட தங்கச்சி' என்று யாராவது சொன்னால், கண்டுகொள்ளாதே அம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன் வீரமுத்து

*

திண்டிவனம்
27.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு சூர்யகலா எழுதுவது. நான் சுகம். அவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. மாதக் கடைசி, வேலை அதிகம். உடனே எழுத முடியவில்லை. வரவும் முடியவில்லை.

ஆபீஸில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். முன்னைவிட நன்றாகவே பேசுகிறார்கள். நீ என்னைப் பற்றி நினைத்து வருத்தப்படாதே.

நீ தூங்கியிருக்க மாட்டாய் அண்ணா. உன்னை எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது நடந்துவிட்டது, எல்லாம் நேரம். திரும்பத் திரும்ப அதையே யோசிக்காதே.

வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்? பிரேக்கைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? தெரிந்தால் எழுது.

உனக்கு இரண்டு சட்டை, கலைப்பிரியாவுக்குச் சுடிதார், அண்ணிக்குப் புடவை பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சூர்யா

*

விழுப்புரம்
9.3.2025

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள். எல்லோரும் நலம். பார்சல் வந்தது. எதற்கு இவ்வளவு? நீ ஒரு நடை வந்திருந்தால் போதும். ஒரு மணி நேர பஸ் பயணம்தானே.

இன்ஸ்பெக்டர் பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்டேஷனில் மூட்டையை இறக்கிவிட்டு, காலி வண்டியை வாசலிலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். நின்றது. கம்பெனியிலிருந்து மேனேஜர் பார்த்திபன் உங்கள் சாப்ட்வேர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் மாற்றியது அந்த வாரம்தான் என்று அதில் இருந்தது. 'வண்டில ஒண்ணும் இல்ல, டிரைவர் கவனக்குறைவுதான்' என்று எழுதிக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

அந்த மனிதர் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பெயர் இருதயராஜ். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கல்யாணம் ஆகவில்லை. செஞ்சியில் ஓர் அக்கா, வாரம் ஒருமுறை வந்து போகிறாராம். கூட இருக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அண்ணியைக் கஞ்சி வைக்கச் சொல்லி தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். யார் என்று கேட்டார். சொன்னேன். தூக்கை வாங்கி வீசினார். பக்கத்துக் கட்டில்வரை கஞ்சி. வார்டே பார்த்தது. துணி வாங்கித் துடைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன்.

இன்னொரு செய்தி. கலைப்பிரியா பெரியவளாகிவிட்டாள். ஊரைக் கூட்டிச் செய்யும் நிலையில் நான் இல்லை. வீட்டளவில் மஞ்சள் நீர் ஊற்ற, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். முதல் தண்ணீர் அத்தை நீதான் ஊற்ற வேண்டும். பிள்ளை தினமும் 'அத்தை வருதா?' என்று கேட்கிறாள்.

உன்னை எதிர்பார்க்கும்,
அண்ணன்

*

திண்டிவனம்
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு, உன் உடம்பும் அண்ணி உடம்பும் நன்றாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

வர முடியவில்லை. மன்னித்துக்கொள். காய்ச்சல். கலைப்பிரியாவுக்குப் பட்டுப் பாவாடையும் கொலுசும் அவரிடம் கொடுத்தனுப்பினேனே, அளவு சரியாக இருந்ததா? குழந்தை கோபமாக இருக்கிறாளா?

கம்பெனியில் இன்னும் சில வண்டி வாங்கியிருக்கிறார்கள். எல்லா டிரைவர்களுக்கும் ஆப் பழக்கிவிடும் வேலை எனக்கு. எந்த வண்டிக்கு எப்போது ஆயில், எப்போது கிரீஸ், எது சிவப்பு, எது பச்சை என்று நான் சொல்லிக்கொடுக்க, அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் ஒரு வயதான டிரைவர், 'பாப்பா, எனக்குப் படிக்கத் தெரியாது. பச்சை இருந்தா எடுத்துக்கினு போவலாம், அவ்ளோதானே?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேனேஜர் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை.

அந்த இருதயராஜ் என்பவரைப் பார்க்க நீ போக வேண்டாம் அண்ணா. யாராவது உன்னை அடித்துவிடப் போகிறார்கள்.

சூர்யா

*

விழுப்புரம்
20.4.2025

தங்கை சூர்யகலாவுக்கு, இங்கே அனைவரும் நலம். உன் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

கொலுசு சரியாக இருந்தது. முதல் தண்ணீரை எதிர்வீட்டு அம்மா ஊற்றினார். மாப்பிள்ளை தட்டை வைத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார், சாப்பிடக்கூட இல்லை. அண்ணிக்கு வருத்தம்தான். அவளிடம் நான், 'வுடும்மா, எல்லாரும் நம்மளாட்டம் இருப்பாங்களா' என்றேன். மனதுக்குள் வேறு ஒன்று நினைத்துக்கொண்டேன். அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு என்னைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் வரவில்லை. அது நியாயம்தான் சூர்யா. நானே கண்ணாடி பார்ப்பதில்லை. டீக்கடைக்குப் போவதில்லை. தண்ணீர் லாரி வந்தால்கூட அண்ணியைத்தான் அனுப்புகிறேன். கூடப்பிறந்தவன் இன்னொரு மனிதரின் காலை எடுத்துவிட்டான் என்றால் எந்தத் தங்கைக்குத்தான் கூசாது? நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போகிறேன். புண்ணில் சீழ் வைத்து, இன்னும் கொஞ்சம் மேலே எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், 'கூட யாரு?' என்று நர்ஸ் கேட்டார். யாரும் இல்லை. நான் எழுந்து நின்றேன். இருதயராஜ் மயக்கம் தெளிந்த பிறகுதான் கேட்டார்.

'நீ இன்னாத்துக்கு வந்துக்கினே இருக்க? கேசு கொறையும்னா?'

'இல்லைங்க.'

'பின்ன?'

'வூட்ல இருக்க முடியலீங்க' என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், 'தாடி அரிக்குது. ஷேவ் பண்ணி வுடத் தெரியுமா?' என்றார். மறுநாள் ரேசர் வாங்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் வீரமுத்து

*

திண்டிவனம்
24.4.2025

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு இன்று கை வரவில்லை. உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். தபாலாபீஸில் வாங்கி, அங்கேயே நின்று எழுதுகிறேன்.

உன்னை நினைத்து எனக்கு ஒரு நாளும் வெட்கம் இல்லை. சத்தியமாக இல்லை. இனி அப்படி எழுதாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அப்படி மட்டும் எழுதாதே.

சூர்யா

*

விழுப்புரம்
18.5.2025

அன்புள்ள சூர்யாவுக்கு, அண்ணன், அண்ணி, கலைப்பிரியா நலம். வெயில் கொளுத்துகிறது. நீ ஆபீஸ் போகும்போது தலையில் துணி போட்டுக்கொள்.

உன் சின்னக் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன். அதை விட்டுவிடு.

இருதயராஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விக்கிரவாண்டியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். நான்தான் தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டேன். கட்டு மாற்ற, குளிக்க வைக்க, காலையில் போய் மதியம் வருகிறேன். இப்போதெல்லாம் பேசுகிறார். எந்தெந்த ஊரில் எந்தெந்த வீட்டுக்கு என்ன வண்ணம் அடித்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். போன வாரம் திடீரென்று அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தார்.

'ஆமா, நீ தூங்கினுதான் வந்தேன்னு எல்லாரும் சொல்றாங்களே. தூங்கறவன் ஹாரன் அடிப்பானா?'

'என்னாங்க?'

'அவ்ளோ தூரத்துலேர்ந்து ஹாரன் அடிச்சிக்கினே வந்தியே. நீ நின்னுடுவன்னு நெனச்சி நான்தான் திரும்பிட்டேன். டயரு கிறீச்சுன்னு கத்தவே இல்ல. உன் வண்டில பிரேக்கு இருந்துச்சா இல்லியா?'

ஹாரன் அடித்தது எனக்கு நினைவே இல்லை சூர்யா. அவர் சொன்ன பிறகுதான் கை ஹாரன்மேல் இருந்ததும், காலில் பலமெல்லாம் சேர்த்து மிதித்ததும் ஞாபகம் வருகிறது. ஒரு நிமிடம் மனது லேசாகிவிட்டது. உடனே உன் முகம் வந்தது. அவரிடம் சொன்னேன்: 'இல்லைங்க, பிரேக்கு சரியாத்தான் இருந்துச்சு. லைனிங் மாத்தி இருக்குன்னு கம்ப்யூட்டர்ல போட்டது என் தங்கச்சிதான். அது பொய் போடாது.'

ஆனால் வக்கீலிடம் இதைச் சொன்னபோது, 'ஒருவாட்டி உங்க தங்கச்சிகிட்டயே கேட்டுடுங்க' என்கிறார். ஜூன் இருபதாம் தேதி வாய்தா. லைனிங் மாற்றியது உண்மைதான் என்று நீ ஒரு வரி எழுதினால், அன்றைக்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இழுத்துக்கொண்டே போக எனக்குத் தெம்பில்லை. உன் வார்த்தை போதும்.

அண்ணன்

*

திண்டிவனம்
11.6.2025

அண்ணா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல நாள் போய்விட்டது. நீ கேட்டதற்குப் பதில்: லைனிங் மாற்றவில்லை.

அன்று உன் வண்டி சிவப்பில் இருந்தது. லைனிங் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி வெகுதூரம் ஓடியிருந்தது. சிவப்பில் இருக்கும் வண்டிக்கு சாப்ட்வேர் டிரிப் போட விடாது. சென்னையிலிருந்து லைனிங் செட் வரவில்லை. அரிசி ஏற்றி வண்டி வெளியே நிற்கிறது. மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

'சூர்யா, ஜல்தியா பச்சை பண்ணி வுடும்மா. பார்ட்டி போன் மேல போன் போட்டுக்கினு இருக்கான். வண்டி திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்.'

'லைனிங் வரலியே சார்.'

'அதான் வந்துடும்ல. முன்னாடியே போட்டுக்கறோம், அவ்ளோதான். ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?'

இது முதல் தடவை இல்லை. ஆயில், கிரீஸ், பெல்ட் என்று பலமுறை அப்படிப் போட்டிருக்கிறேன். பிறகு வேலையும் நடந்துவிடும். அதனால் பொய் சொல்கிறோம் என்றே தோன்றாது. 'மாற்றப்பட்டது' என்று போட்டேன்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். டிரிப்பில் டிரைவர் பெயர் இருந்தது. வீரமுத்து. பார்த்தேன் அண்ணா. பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். வேறு யார் பெயராவது இருந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். நம் அண்ணன்தானே, எந்த வண்டியாக இருந்தாலும் பார்த்து ஓட்டிவிடுவான் என்று நினைத்தேன். உன்மேல் இருந்த நம்பிக்கையில்தான் உன்னை அந்த வண்டியில் அனுப்பினேன்.

விபத்து நடந்த அன்றே சொல்லியிருக்கலாம். மேனேஜர், 'வாயைத் திறந்தா உன் பேருதான் முதல்ல வரும். உன் லாகின்லதான் இருக்குது' என்றார். வீட்டில் இவரும், 'உங்க அண்ணனுக்கு லைசென்ஸ் கொஞ்ச நாள் போவும், திரும்ப வந்துடும். உனக்கு ஜெயிலு' என்றார். பயந்துவிட்டேன். பிறகு நீ, நீயே தவறு செய்தவன் என்று எழுதினாய். அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதைவிடக் கேவலமாக ஒன்று நான் செய்ததில்லை.

காய்ச்சல் எதுவும் இல்லை. மஞ்சள் நீர் அன்று புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை வந்தேன். விழுப்புரம் பஸ் ஏறவில்லை. உன்னைப் பார்க்க வெட்கம் என்று நீ எழுதியது சரிதான். காரணம்தான் வேறு.

சாப்ட்வேரின் ஸ்டாக் பக்கத்தில் உன் வண்டிக்கான லைனிங் செட் பிப்ரவரி கடைசிவரை 'வர வேண்டியது' என்றே இருக்கிறது. அதை யாரும் மாற்றவில்லை. திங்கட்கிழமை உன் வக்கீலைப் பார்க்கிறேன். பிறகு போலீஸில் நானே சொல்கிறேன். நீ எதையும் ஒப்புக்கொள்ளாதே.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை.

சூர்யகலா

*

விழுப்புரம்
25.6.2025

சூர்யாவுக்கு அம்சா எழுதுவது.

உன் அண்ணனுக்கு எழுத முடியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சுகமா என்று கேட்க மாட்டேன்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தார். படித்துவிட்டுச் சட்டைகூட மாட்டாமல் தெருவில் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து சட்டை போட்டுக்கொண்டு விக்கிரவாண்டி போனார். சாயங்காலம் வந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார், படித்தேன்.

வாய்தாவுக்குப் போனார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. 'ஏன்யா சொல்லல?' என்று கேட்டேன். 'அது சொல்றேன்னு எழுதி இருக்குதில்ல, சொல்லட்டும்' என்றார். அவ்வளவுதான்.

என் பெண் இரண்டு மாதம் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என் புருஷன் பொழுது விடிந்தால் ஊர் கண்ணில் படாமல் முதல் பஸ் பிடித்தார். நீ எனக்குப் புடவை அனுப்பினாய். அந்தப் புடவையை நான் கட்டிக்கொண்டேன் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை என்று எழுதியிருந்தாய். அது போய் இன்னொரு திங்கட்கிழமையும் போய்விட்டது. வக்கீல் வீட்டுப் பக்கம் நீ வரவில்லை.

அம்சா

*

திண்டிவனம்
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அண்ணி எழுதியது அத்தனையும் சரி. அந்தத் திங்கட்கிழமை இவர் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை பூட்டவில்லை. நானாகத்தான் போகவில்லை. அண்ணியின் கடிதம் வந்த பிறகுதான் போனேன். வக்கீலைப் பார்த்தேன். ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். நான் பச்சை செய்தது, மேனேஜர் சொன்னது, லைனிங் வராதது, எல்லாம் சொன்னேன். முதலாளியையும் மேனேஜரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். என்மேலும் வழக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். வரட்டும்.

வேலை போய்விட்டது. சாமான் எடுக்கப் போனபோது, எனக்குச் சாப்பாடு இறங்காமல் செய்தாரே அந்த வயதான டிரைவர், வாசலில் நின்றிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. 'அப்ப என் வண்டி பாப்பா?' என்று கேட்டார். அவர் வண்டி எண்ணைக் கேட்டு, எதையெல்லாம் செய்யாமல் செய்ததாகப் போட்டேன் என்று அங்கேயே நின்று சொன்னேன். மற்ற டிரைவர்களும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் வண்டி எண்ணைச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இவர் என்னோடு பேசுவதில்லை. சமைத்தால் சாப்பிடுகிறார்.

கலைப்பிரியாவின் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவள் அப்பாமேல் தவறில்லை என்று டீச்சரிடம் நானே சொல்லட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

சூர்யகலா

*

விழுப்புரம்
10.8.2025

சூர்யகலாவுக்கு அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கோபம் இருக்கிறது. அதை இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அது இல்லை. சந்தோஷம். 'நான் இல்லை, நான் இல்லை' என்று சொல்லிக்கொண்டே தெருவில் ஓடினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்ல வாய் வந்தது. இருதயராஜிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று மாடிப்படி இரண்டிரண்டாக ஏறினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைலியை மடித்து, இல்லாத காலின் பக்கம் ஊக்கு குத்தியிருந்தார். 'வா, ஏன் இவ்ளோ நேரம்? முதுவு அரிக்குது, தண்ணி காய வெச்சிருக்கேன்' என்றார். நான் வாளியை எடுத்தேன். எனக்கு நல்ல செய்தி, அவருக்கு அதே கால்தானே? குளிக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். உனக்குப் புரியும்.

நீ ஸ்டேஷனில் சொன்ன பிறகுதான் அவரிடம் சொன்னேன், போன வாரம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

'அப்ப உம் மேல தப்பு இல்ல.'

'இல்லைங்க.'

'உன் தங்கச்சி, அந்த மேனேஜரு, அவங்கதான்.'

'ஆமாங்க.'

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

'அப்ப நாளைலேர்ந்து நீ வர மாட்ட?'

சூர்யா, நான் ஒரு தவறுக்குக் கட்டுப்பட்டுத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை என்று அவர் கேட்டபோதுதான் தெரிந்தது. 'வருவேங்க' என்றேன். இன்னொரு முறையும் சொன்னேன்.

டீச்சரிடம் நீ வந்து சொல்வது பற்றிக் கலைப்பிரியாவையே கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பொறு.

வரும் சனிக்கிழமை அவருக்குச் செயற்கைக் கால் அளவெடுக்க அழைத்துப்போக வேண்டும். அந்த மாடிப்படி குறுகல். என் ஒருவனால் அவரை இறக்க முடியவில்லை, போன தடவை இருவருமே விழப்பார்த்தோம். அவர் அக்காவுக்கு முதுகு வலி. உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. நான் கிளம்பும்போதுதான், 'வரச் சொல்லு' என்றார். உன்னிடம் என்ன கேட்பார், திட்டுவாரா, பேசவே மாட்டாரா, எனக்குத் தெரியாது. நானும் உன்னிடம் எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை. அண்ணி, 'கதவத் தொறப்பேன், அதுக்கு மேல என்னால முடியாது' என்கிறாள்.

காலை முதல் பஸ்ஸில் ஏறு. வழியில் எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. சாப்பிடாமல் வா. உனக்கும் சேர்த்துத்தான் அண்ணி இட்லி ஊற்றுவாள்.

அண்ணன் வீரமுத்து